பதினோராவது நிமிடம்

நோரீன் பெரிய அலுமினியத் தேநீர்க் கெண்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்தபோது, அப்பாவின் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மறுபடியும் பதினாறு வருடத்துக்கு முந்தைய அந்த ஹர்லி மட்டைப்பந்து இறுதியாட்டத்தில் வந்து நின்றிருந்தார்கள்.

"ஒரு கோல்," என்றார் பேக்கி லாலர். ஒற்றை விரலைத் தூக்கி, பெட்டிக்குள் படுத்திருந்தவரிடமே காட்டினார். "ஒரே ஒரு கோலுக்கு, மாவட்டத்துலயே நல்ல கோல்கீப்பர வெளிய எடுத்தான் இந்த மனுஷன். பதினோராவது நிமிஷம். அதுவும் சொந்த மாப்பிள்ளைய."

"மாப்பிள்ளைங்கறதாலதான் எடுத்தான்," என்றார் ஜோ மேங்கன். "வேற எவனா இருந்தாலும் பாதி ஆட்டம் வரைக்கும் விட்டிருப்பான். வீட்டு ஆளுக்குச் சலுகை கிடையாதுன்னு ஊருக்குக் காட்டணும் அவனுக்கு."

"காட்டி என்னத்தக் கண்டான்? ஒரு பாயிண்ட்ல தோத்தோம். டோனல் உள்ள போயி மூணு கோல் வாங்கினான். கோலுக்கு மூணு பாயிண்ட், ஒம்பதும் போச்சு."

கதவோரத்தில் நின்று சாண்ட்விச் மென்றுகொண்டிருந்த டோனல் வாயைத் துடைத்துக்கொண்டான். அவன் நோரீனின் அத்தை மகன். "நாலுன்னு சொல்லுங்க பேக்கி. வருஷா வருஷம் ஒண்ணு ஏத்திக்கலாம்."

"நீ பாவம்டா. உன்ன யாரு குத்தம் சொன்னா?"

"இல்ல, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஆட்டம் ஆரம்பிச்ச உடனேயே என்னைய மேல் சட்டையக் கழட்டிட்டுப் பக்கத்துல வந்து நில்லுன்னாரு மாமா. ஏன் மாமான்னு கேட்டேன். 'குளுருதா?'ன்னாரு. அவ்வளவுதான். பதினோரு நிமிஷம் நடுங்கிட்டு நின்னேன்."

கிழவர்கள் சிரித்தார்கள். நோரீன் பேக்கியின் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். பதினாறு வருடமாக இந்தப் பேச்சை அவள் கடையில், தேவாலய வாசலில், பெண்ணின் பள்ளிக்கூடத்தில், முடிவெட்டும் இடத்தில் கேட்டிருக்கிறாள். கேட்கக் கேட்கப் பழகிவிடும் என்று நினைத்திருந்தாள். பழகவில்லை. அலுத்துப்போனது, அவ்வளவுதான்.

"மேலக்கி கில்லீன் ஒரு மணி நேரம் வாயத் திறக்காம இருக்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றார் பேக்கி, பெட்டிக்குள் அப்பாவின் முகத்தைப் பார்த்து.

பெட்டியின் தலைமாட்டில் செபமாலையோடு உட்கார்ந்திருந்த பெக் அத்தை கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள். "உனக்கும் ஒரு நாள் வரும் பேக்கி. அன்னிக்கு நான் வந்து உன் தலமாட்டுல உக்காந்து கேக் சாப்புடறேன்."

பெட்டிக்குள் அப்பா சாம்பல் நிறக் கோட்டில் சின்னதாகத் தெரிந்தார். கால்மாட்டில் காரோடூன் கிளப்பின் பச்சைச் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பத்தொன்பது வருடம் அந்தச் சட்டையில் ஆடினார். ஏழு வருடம் மாவட்ட அணிக்கும் ஆடினார். முட்டி போன பிறகு பதினோரு வருடம் மேனேஜர். இரண்டு கோப்பைகள். மூன்றாவதற்கு ஒரு பாயிண்ட் குறைந்தது. அந்த வருடம் டிசம்பரில் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டு, கை தூக்கச் சொல்லி, அவரை எடுத்துவிட்டார்கள். நாற்பத்தொரு கைகள் ஒரு பக்கம், பதினேழு கைகள் இன்னொரு பக்கம். அதன் பிறகு எந்த ஊரிலிருந்து கூப்பிட்டும் அவர் போகவில்லை. சனிக்கிழமை காலைகளில் கிளப் மைதானத்தில் புல் வெட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைக் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

கெண்டியை நிரப்ப நோரீன் சமையலறைக்குப் போனாள். சிங்க் மேல் ஜன்னல் வழியே, சாலைக்கு அந்தப் பக்கம் அண்டைவீட்டுக்காரரின் வயல் தெரிந்தது. வயல் முழுக்கக் கார்கள். நடுவில் மஞ்சள் மேலங்கி போட்ட ஓர் உயரமான ஆள் கையை ஆட்டி ஆட்டி வண்டிகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தான். அவள் கணவன் ஃபின்டன்.

நேற்று மதியத்திலிருந்து அவன் அங்கேதான் நிற்கிறான். துக்கம் கேட்க வருகிற அத்தனை பேருக்கும் இடம் காட்டினான். சேற்றில் சிக்கிய பாதிரியாரின் காரைத் தள்ளிவிட்டான். மழை வந்தபோதும் நின்றான். சாலையைத் தாண்டி இந்த வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. மாமனார் வீட்டு வாசலை மிதித்து அவனுக்குப் பதினாறு வருடம் ஆகிறது.

"நாளைக்கும் அவன் காருதான் நிறுத்தப் போறானா?" பெக் அத்தை எப்போது எழுந்து வந்தாளோ, பின்னால் நின்றிருந்தாள்.

"தெரியல அத்தை."

"உங்கப்பா படுக்கையில கெடந்த எட்டு மாசமும் நீ ஒருத்தியா இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் ஓடினியே, அவன் ஒரு வார்த்த சொன்னானா?"

"சொல்லல. தடுக்கவும் இல்ல."

"பெரிய மனசுதான்," என்றாள் அத்தை. இரண்டு சாண்ட்விச்சுகளை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆறு மணி பூசைக்கான மணி அடித்தபோது லாரி டாஃபி வந்தார். காரோடூனில் மூன்று தலைமுறையாகப் பெட்டி செய்து, அடக்கத்தை நடத்தித் தருகிற குடும்பம் அவருடையது. எப்போதும் மெல்லப் பேசுவார். நோரீனைக் கூடத்தில் ஓரமாக அழைத்துக்கொண்டு போய், சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

"முதல் தூக்கு குடும்பம்மா. வீட்டிலேருந்து நாற்சந்தி வரைக்கும். அங்கேருந்து கிளப் ஆளுங்க. ஆறு பேரு வேணும், உயரம் சோடி சேரணும். இல்லன்னா பெட்டி ஒரு பக்கமா சாயும், குட்டையா இருக்கறவன் மேல எடை ஏறாது, உயரமானவன் தோள் கழண்டுபோகும்." சீட்டில் விரல் வைத்தார். "உன் தம்பி கோல்மன் ஆறடி ரெண்டு. அவனுக்குச் சோடி உன் வீட்டுக்காரருதான். வேற ஆளே கிடையாது."

நோரீன் சீட்டிலிருந்த பெயர்களைப் பார்த்தாள்.

"எனக்கும் காது இருக்கு," என்றார் டாஃபி. "கேட்டுப் பாரு. காலையில பத்தரைக்குள்ள சொன்னா போதும்."

கோல்மன் பெர்த்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய தூக்கக் கலக்கத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். டாஃபி போனதும் அக்காவைப் பார்த்தான். "அவன் வரமாட்டான், விடு. ஊர் பாக்கத்தான் போகுது. எல்லாரும் பெட்டியப் பாக்கமாட்டாங்க, என் பக்கத்துல யாரு நிக்கறான்னுதான் பாப்பாங்க. அப்பாவுக்கு இது பழகினதுதான்."

"அப்பாவுக்குப் பழகினதுன்னா சரியாயிடுமா?"

"நான் எங்க சரின்னேன்?" அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "செத்தும் அந்த ஆட்டத்துலேருந்து அவருக்கு விடுதல இல்லன்னு சொல்றேன்."

நோரீன் கெண்டியைக் கீழே வைத்தாள். அந்த ஆட்டத்தைப் பற்றி இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதில் ஒருவர் முன்னறையில் படுத்திருந்தார்.

*

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் தன் வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். பெண் மீவுக்குக் கறுப்புக் காலணி எடுக்க வேண்டும் என்று அத்தையிடம் சொல்லியிருந்தாள். மே மாத வெளிச்சம் அதற்குள் பரவியிருந்தது. வேலியெல்லாம் வெள்ளைப் பூ. மூன்று இரவாகச் சரியாகத் தூங்காததால் சாலை கொஞ்சம் தள்ளி ஓடுவதுபோல் இருந்தது.

ஃபின்டன் பால் கறக்கும் கொட்டகையில் இருந்தான். பள்ளத்தில் அவன் நிற்க, இருபுறமும் அவன் தலைக்கு மேலே பசுக்கள் பின்னங்கால்களைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாக மடியைத் துடைத்துக் கறவைக் குழாய்களை மாட்டிக்கொண்டு போனான்.

"மீவ் எங்க?" என்றான்.

"அங்கதான். தூங்கறா."

"நீ தூங்கினியா?"

"கொஞ்சம்."

அவன் அடுத்த பசுவுக்கு நகர்ந்தான். "பதினோரு மணி பூசைக்கு வந்துடறேன். பின்னாடி உக்காந்துக்கறேன். என்கிட்ட அதுக்கு மேல கேக்காத நோரீன்."

"டாஃபி கேக்கறாரு. கோல்மனுக்குச் சோடி நீதான்கறாரு."

"வேற சோடி பாக்கச் சொல்லு."

"ஃபின்டன்."

"எட்டாயிரம் பேரு முன்னாடி," என்றான். குரலை உயர்த்தவில்லை. பல வருடங்களாக அவன் குரலை உயர்த்தாமல்தான் இதைச் சொல்கிறான். "என் அப்பா இருந்தாரு அன்னிக்கு ஸ்டாண்டுல. நெஞ்சு வலியோட வந்திருந்தாரு. நான் வெளிய நடந்து வர்றதப் பாத்துட்டு எழுந்து வீட்டுக்குப் போயிட்டாரு. நான் ஒரு பந்தத்தான் விட்டேன். யாரு விடல? பாதி ஆட்டம் வரைக்கும் பொறுக்க முடியலயா உங்கப்பாவால? அந்தப் பெட்டிய நான் தூக்கணுமா?"

நோரீன் பள்ளத்துப் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தது.

"அவரு உன்ன எடுத்தது அந்தப் பந்துக்காக இல்ல," என்றாள். "நான் சொன்னேன் அவர்கிட்ட."

அவன் கை நின்றது.

"என்ன சொன்ன?"

"வியாழக்கிழம பயிற்சியில கம்பத்துல உன் தல மோதினது. வாந்தி எடுத்தது. சனிக்கிழம நீ தேநீர்க் கோப்பைக்குள்ள ஊத்தாம பக்கத்துல மேச மேல பால ஊத்தினது. எல்லாம் சொன்னேன். ஞாயித்துக்கிழம காலைல, கோயில் வாசல்ல, அவரு கார்ல உக்காந்து."

இயந்திரம் சீராக இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குடுவையில் பால் நுரைத்து ஏறியது.

யாரிடமும் சொல்லாதே என்று அவன் சொல்லியிருந்தான். அவன் ஆடப்போகிற முதல் இறுதியாட்டம் அது. எல்லாம் மும்மூன்றாகத் தெரிகிறது, நடுவிலிருப்பதைப் பிடித்தால் போதும் என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மீவ் பிறந்து ஆறு வாரம். அந்தப் பந்து அடிபட்டு வரும் வேகத்தில் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மேனேஜர் மகள் அவள், பல் போனவர்களையும் கண் போனவர்களையும் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள்.

"அவரு என்ன சொன்னாரு?"

"வேற யாருக்குத் தெரியும்னு கேட்டாரு. எனக்கு மட்டும்தான்னேன். கார் கண்ணாடிய ஏத்தினாரு. அப்புறம், 'நீ என்கிட்ட ஒண்ணும் சொல்லல. வீட்டுக்குப் போயி குழந்தைக்குப் பால் குடு'ன்னாரு."

"அப்புறமும் என்ன ஆட விட்டாரு."

"ஆமா."

"தெரிஞ்சே. பதினோரு நிமிஷம்."

"ஆட்டத்துக்கு முன்னாடியே உன்ன எடுத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும், நான்தான் சொன்னேன்னு. அதனாலதான் விட்டாரு. டோனல முதல்லேருந்தே பக்கத்துல நிக்க வெச்சிருந்தாரு. நீ எப்ப ஒரு தப்பு பண்ணுவ, எப்ப எடுக்கலாம்னு நின்னாரு. அன்னிக்கு நான் ஆட்டத்தப் பாக்கல ஃபின்டன். அவரு முதுகத்தான் பாத்துட்டிருந்தேன். ஒரு தடவகூட அவரு கத்தல."

ஃபின்டன் கையிலிருந்த குழாய்களைப் பார்த்தான். அவை காற்றை உறிஞ்சிக் கீச்சென்று சத்தம் போட்டன. பசு காலை மாற்றி வைத்தது.

"பதினாறு வருஷம்," என்றான்.

"ஆமா."

"நான் அவர வைவேன். நீ உக்காந்து கேட்டுட்டிருப்ப."

அவள் தலையாட்டினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் வாயால் சொன்னாள். "ஆமா. முதல்ல பயந்துட்டேன். அப்புறம் ஒரு நாள் அவர்கிட்டயே போயி, சொல்லிடறேன்பான்னேன். வேண்டாம்னுட்டாரு. 'இப்ப அவனுக்கு ஒருத்தன் மேலதான் கோவம். அத ரெண்டு பேரா ஆக்காத'ன்னாரு. அதுக்கப்புறம் நாள் போகப் போக வாய் வரல."

"கூட்டத்துல கை தூக்கினாங்கல்ல," என்றான் ஃபின்டன். "கடைசி வரிசையில நின்னு நானும் தூக்கினேன். அவரு திரும்பி என்னைப் பாத்தாரு. பாத்துட்டு இப்படித் தல ஆட்டினாரு, சரிங்கற மாதிரி. திமிருன்னு நெனச்சேன்."

"தெரியும்."

"அன்னிக்கு ராத்திரி நான் வீட்டுக்கு வந்தப்போ எனக்குச் சாப்பாடு எடுத்து வெச்ச. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும். நல்லா ஞாபகம் இருக்கு. நான் போயி உங்கப்பாவுக்கு எதிரா கை தூக்கிட்டு வந்தேன்னு தெரிஞ்சு எடுத்து வெச்ச."

அவள் கம்பியை விட்டாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அடுத்த வரிசையைத் திறந்துவிட்டான். பசுக்கள் தள்ளிக்கொண்டு வெளியே போயின. அவன் ரப்பர் குழாயை எடுத்துத் தரையைக் கழுவ ஆரம்பித்தான். கழுவி முடித்த இடத்தையே மறுபடியும் கழுவினான். நோரீன் கொஞ்ச நேரம் நின்றாள். தண்ணீர் அவள் காலணி வரை வந்தது. பிறகு வீட்டுக்குள் போய், மாடியில் மீவின் கறுப்புக் காலணியைத் தேடி எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். இயந்திரத்தின் சத்தம் வளைவு வரைக்கும் கேட்டது.

*

பத்தரைக்கு டாஃபி சீட்டோடு வந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"தெரியல," என்றாள் நோரீன். "அவன்கிட்ட பேசிட்டேன். வருவானா தெரியல."

ஜன்னல் வழியே வயலைப் பார்த்தாள். மஞ்சள் மேலங்கியில் வேறு யாரோ ஒரு பையன் கார்களை நிறுத்திக்கொண்டிருந்தான். ஃபின்டன் இல்லை.

பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பம் மட்டும் முன்னறையில் நின்றது. பாதிரியார் செபம் சொன்னார். மீவ் தாத்தாவின் கையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். கோல்மன் குனிந்து நெற்றியில் முத்தமிட்டான். நோரீனின் முறை வந்தது. எட்டு மாதமாகக் கழுவித் துடைத்த முகம் அது. காதோரம் ஒரு முடி விட்டுப்போயிருந்தது. கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று ஒரு நொடி யோசித்தாள். சொல்லிட்டேன்பா என்று மனதுக்குள் சொன்னாள். அவர் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லமாட்டார். கால்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

டாஃபி மூடியைப் போட்டார். மேலே பச்சைச் சட்டையை விரித்தார்.

"சரி. கோல்மனுக்குச் சோடி," என்றார். "டோனல், நீ வா."

"நான் அஞ்சடி எட்டு லாரி. அவன் பக்கத்துல நான் நின்னா மாமா உருண்டு என் தலைலதான் விழுவாரு."

"விழுந்தா ஒண்ணும் ஆவாது. அன்னிக்கு விழுந்த மூணு கோலவிடவா?" என்றாள் பெக் அத்தை. பெற்ற மகன் என்றும் பார்ப்பதில்லை அவள்.

"நான் நிக்கறேன்," என்றாள் நோரீன்.

டாஃபி அவளை ஏற இறங்கப் பார்த்தார். சோடி பார்க்கிற பார்வை. அவள் ஐந்தடி பத்து. காலில் தட்டையான காலணி. "கனமா இருக்கும்மா. வழி முந்நூறு கஜம், மேடு வேற."

"எட்டு மாசமா தூக்கிட்டுத்தான இருக்கேன்."

டாஃபி ஒரு சின்னத் துண்டை நாலாக மடித்து அவள் தோளில் வைத்தார். கோல்மனும் அவளும் முன்னால் நின்றார்கள், பின்னால் உறவுக்காரர்கள் நான்கு பேர். ஒன்று, இரண்டு என்று டாஃபி சொல்ல, பெட்டி எழும்பித் தோளுக்கு வந்தது. தம்பியின் கை அவள் முதுகைச் சுற்றி வந்து தோளைப் பற்றியது. அவள் கை அவன் முதுகைப் பற்றியது. பலகையின் ஓரம் காதில் அழுந்தியது. ஒரு பக்கமாகத்தான் பார்க்க முடிந்தது.

வீட்டு வாசலிலிருந்து சாலை வரைக்கும் இரண்டு பக்கமும் கிளப் ஆட்கள் பச்சை மேலங்கியில் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஹர்லி மட்டை, தலைகீழாக, பிடி தரையில் ஊன்றி. கிழவர்கள், நடுவயதுக்காரர்கள், பெண்கள் அணி, பத்து வயதுப் பிள்ளைகள்.

"அன்னிக்குக் கை தூக்கினவனெல்லாம் இன்னிக்கு மட்டையத் தூக்கிட்டு நிக்கறான்," என்று பின்னால் பெக் அத்தையின் குரல் கேட்டது. மெதுவாகச் சொன்னதாகத்தான் அவள் நினைத்திருப்பாள். இரண்டு பக்கமும் முகங்கள் தரையைப் பார்த்தன.

இருபது அடியில் நோரீனின் நடை பிந்தியது. கோல்மன் நீளமாக நடக்கிறவன். அவள் இரண்டு அடி வைத்தால் அவனுக்கு ஒன்று. பெட்டி அவள் பக்கம் இறங்கியது. "இடது. இடது," என்று டாஃபி முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே முணுமுணுத்தார். மட்டைகளும் காலணிகளும்தான் தெரிந்தன. கறுப்புக் காலணி, பழுப்புக் காலணி, ஆட்டக் காலணி. ஒவ்வொரு சோடியையும் அவள் பார்த்துக்கொண்டே போனாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

"மாத்திக்கலாமா?" என்றான் கோல்மன், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து.

"வேண்டாம்."

"உனக்கு மூச்சு வாங்குது."

"நடடா நீ."

சாலை தொடங்குகிற இடத்தில், வயலின் வாயிற்கதவுக்கு எதிரே, வரிசை முடிந்தது. அங்கிருந்து நாற்சந்தி வரை மேடு. நோரீன் அந்த மேட்டைப் பார்த்தாள். முடியாது என்று தோன்றியது. முடியாவிட்டாலும் போக வேண்டும் என்றும் தோன்றியது. அப்போது டாஃபி ஒரு கையைத் தூக்கினார். "நில்லுங்க," என்றார்.

ஏன் நிற்கச் சொன்னார் என்று அவளுக்குப் புரியவில்லை. தலையைத் திருப்ப முடியவில்லை. யாரோ அவள் பின்னால் நெருங்கி நின்றார்கள். சவர சோப்பு வாசனை வந்தது, அதற்கடியில் கொட்டகையின் வாசனையும். ஒரு கை அவள் தோள் மேலிருந்த துண்டை இரண்டு முறை தட்டியது. பிறகு அந்தக் கை பெட்டியின் அடியில் போய்த் தாங்கியது. எடை அவள் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் ஒரேயடியாக எழும்பியது. அவள் குனிந்து வெளியே வந்தாள்.

ஃபின்டன் அவள் நின்ற இடத்தில் நின்றான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கறுப்புக் கோட்டு. முடியில் இன்னும் ஈரம் இருந்தது. கோல்மன் ஒரு கணம் அவனைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி அவன் தோளைப் பற்றினான். ஃபின்டனின் கையும் நீண்டு அவன் முதுகைப் பற்றியது. பெட்டி சமமாக நின்றது.

அவன் நோரீனைப் பார்க்கவில்லை. அவள் அவன் முகத்துக்கு நேராகத்தான் நின்றிருந்தாள். அவன் கண் சாலையிலேயே இருந்தது.

"இடது," என்றார் டாஃபி.

அவர்கள் நடந்தார்கள். பின்னால் மொத்த ஊரும் அசைந்தது. வேலியோரம் நின்றிருந்த பேக்கி லாலர் தொப்பியைக் கழற்றினார், ஜோ மேங்கனின் விலாவில் முழங்கையால் இடித்தார்.

பெக் அத்தை நோரீனின் கைக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டாள். "வந்துட்டானே," என்றாள்.

"வந்துட்டான்."

"என்னடி சொன்ன அவன்கிட்ட?"

நோரீன் நடந்துகொண்டே இருந்தாள். அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முன்னால் போகிற முதுகைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. மேட்டில் ஏற ஏற அத்தையின் எடை அவள் கையில் கூடிக்கொண்டே வந்தது.

பூசை இருக்கிறது. கல்லறை இருக்கிறது. அதன் பிறகு மண்டபத்தில் சூப்பும் இறைச்சியும், நூறு பேரின் கைகுலுக்கல். சாயங்காலம் பால் கறக்க வேண்டும். அதன் பிறகு அவர்கள் இருவரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும்.

நாற்சந்தியில் கிளப் ஆட்கள் ஆறு பேர் மாற்றிக்கொள்ளக் காத்திருந்தார்கள். டாஃபி கையைத் தூக்கினார். ஐந்து பேர் விலகினார்கள். ஃபின்டன் விலகவில்லை. அவனை மாற்ற வந்தவன் தோளைத் தொட்டான், காத்திருந்தான், பிறகு டாஃபியைப் பார்த்தான். டாஃபி வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். கோல்மனின் இடத்துக்கு இன்னோர் உயரமான ஆளைக் கண்ணால் தேடி எடுத்தார்.

நோரீன் பெட்டிக்கு அருகில் வந்திருந்தாள். அவசரமாகப் போட்டுக்கொண்டு வந்ததால் அவன் கோட்டின் கழுத்துப்பட்டை உள்பக்கமாக மடிந்திருந்தது. உள்ளிருந்த துணிச்சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் காரைவிட்டு இறங்கியதும் அவள் அதைச் சரிசெய்துவிடுவாள்.

கையைத் தூக்கினாள். அவன் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி அது நின்றது. அவன் ஒரு அடி எடுத்து வைத்தான், பிறகு இன்னொன்று. அவள் கையை இறக்கிக்கொண்டு, அந்தச் சின்ன வெள்ளைத் துணி முன்னால் போவதைப் பார்த்தபடி பின்னால் நடந்தாள்.